கரையான் அரித்த அறையும் என் ஹார்ட் டிஸ்க்கும்

2015 நவம்பர் மழையைப் பற்றிக் கடலூர்க்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். என் கதை ரொம்பச் சின்னது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, சுவர் இடியவில்லை. வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது, இரண்டு நாள் நின்றது, வடிந்தது. மாடி வீட்டுக்காரர் தயவில் நாங்கள் மேலே இருந்தோம். கம்ப்யூட்டர் மட்டும் கீழே, மேஜைக்கு அடியில், தரையிலேயே இருந்தது.

அந்த நேரத்திலும் நான் தெம்பாகத்தான் இருந்தேன். "போனா போவுது, பேக்கப் இருக்கு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்யில்லை. அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மொத்தக் கம்ப்யூட்டரையும் அதில் நகல் எடுத்து வைத்திருந்தேன். தண்ணீர் வடிந்து கீழே இறங்கி வந்தபிறகுதான் அதை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் வந்தது. அதே மேஜையின் கீழ் இழுப்பறையில்.

இழுப்பறையைத் திறந்தால் சேறு.

போனவற்றில் பாதிக்கு மேல் போனால் போகட்டும் ரகம். ஒன்றைத்தான் மனசு விடவில்லை. 2009இல் அப்பாவை உட்கார வைத்து முதுநகரைப் பற்றி, எங்கள் ஊர்க்காரர்கள் சொல்கிற ஓ.டி.யைப் பற்றி, பேசச் சொல்லிப் பதிவு செய்திருந்தேன். துறைமுகம், படகு, சரக்கு, கூலி, சண்டை எல்லாம். மொத்தம் 11 பதிவுகள். 2012இல் அப்பா போய்விட்டார். அந்தக் குரலுக்கு இருந்த இரண்டு பிரதிகளும் ஒரே மேஜையில், ஒரே தண்ணீரில் மூழ்கின. ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன், ஒன்றும் தேறவில்லை.

சில மாதம் கழித்துச் சிதம்பரத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, அத்தை பையனின் கம்ப்யூட்டரில் ஏழு பதிவுகள் இருந்தன. தம்பி பேசுவதைக் கேட்க வேண்டும் என்று அத்தை ஆசைப்பட்டதால், எப்போதோ ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் மறந்தே போன பிரதி அது.

அன்றைக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். தேவார ஏடுகள் பூட்டிக் கிடந்ததாகச் சொல்லப்படும் கதை ஞாபகம் வந்தது. சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அதுவரை அதை ஒரு பேக்கப் கதையாக யோசித்ததில்லை. இந்தக் கட்டுரை அப்போது ஆரம்பித்த குறிப்புகள்.

முழு பேக்கப் என்றால் எது முழுசு?

முதலில் கொஞ்சம் கம்ப்யூட்டர் விஷயம். வேண்டிய ஃபோல்டரை மட்டும் இழுத்து இன்னொரு டிஸ்க்கில் போடுவது ஒரு வகை. டிஸ்க்கில் உள்ள அத்தனையையும், விண்டோஸ் அல்லது லினக்ஸ் உட்பட, அச்சு வார்த்த மாதிரி ஒரே இமேஜாக எடுப்பது இன்னொரு வகை. இதைத்தான் முழு பேக்கப் என்கிறோம். முதல் தடவை நேரம் பிடிக்கும். 500 ஜிபி இருந்தால், பழைய யூஎஸ்பி 2.0 வழியாக வினாடிக்கு 35 எம்பி வேகத்தில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். யூஎஸ்பி 3.0 ஆக இருந்து டிஸ்க்கும் வினாடிக்கு 100 எம்பி எழுதினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். அதற்குப் பிறகு மாறினதை மட்டும் எடுத்தால் போதும். அது சில நிமிட வேலை.

இதெல்லாம் எங்கும் கிடைக்கிற தகவல். ஆனால் "முழு" என்ற அந்த ஒரு வார்த்தை இருக்கிறதே, அதுதான் என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. எதையெல்லாம் எடுத்து வைத்தால் ஒரு விஷயம் முழுசாகப் பிழைக்கும்?

பூட்டிய அறை

கதையைச் சொல்வது திருமுறை கண்ட புராணம். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, சிதம்பரத்து உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் நூல். மூவர் பாடல்கள் எங்கே இருக்கின்றன என்று அரசன் தேடுகிறான். அந்த அரசனை ராஜராஜ சோழன் என்றே பொதுவாக அடையாளம் காண்கிறார்கள். திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி, பொல்லாப் பிள்ளையார் அருளால், ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் இருப்பதாகச் சொல்கிறார். தில்லைவாழ் அந்தணர்களோ, மூவரும் வந்தால்தான் அறை திறக்கும் என்கிறார்கள். அரசன் மூவரின் திருமேனிகளையும் ஊர்வலமாக எழுந்தருளச் செய்து, "இதோ வந்துவிட்டார்கள்" என்கிறான். கதவு திறக்கிறது. உள்ளே ஏட்டுக் குவியல் மேல் புற்று வளர்ந்திருக்கிறது. எண்ணெய் விட்டுப் புற்றைக் கரைத்து எடுத்ததில் மிஞ்சியது கொஞ்சம்.

எவ்வளவு கொஞ்சம் என்பதற்கும் புராணம் கணக்கு வைத்திருக்கிறது. சம்பந்தர் பதிகம் 16,000, அப்பர் 49,000, சுந்தரர் 38,000. கூட்டினால் 1,03,000. இன்று நம்மிடம் இருப்பது 800 பதிகங்களுக்குச் சற்றுக் குறைவு. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

1,03,000 என்பதைச் சரித்திரக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாடல்கள் அந்த அறைக்குள் மட்டும்தான் இருந்தன என்றும் சொல்லிவிட முடியாது. ராஜராஜனுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டில், கோயிலில் திருப்பதியம் பாடுகிறவர்கள் வருகிறார்கள். அப்படியானால் பாட்டு வெளியிலும் நடமாடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கதையைச் சொன்னவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஏடு எதிரியால் அழியவில்லை, தீயால் அழியவில்லை. பத்திரமாகப் பூட்டி வைத்ததால் அழிந்தது. திறந்து பார்க்காத இடத்தில்தான் கரையான் நிம்மதியாகச் சாப்பிடும்.

இதே பாடத்தை 1998இல் அமெரிக்காவில் பிக்சார் நிறுவனம் படித்தது. டாய் ஸ்டோரி 2 படம் உருவாகிக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஒரு தவறான கட்டளையால் படத்தின் கோப்புகள் சர்வரிலிருந்து மளமளவென்று அழிந்தன. பேக்கப் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எடுத்துப் பார்த்தால் அது சரியாகவே வேலை செய்யவில்லை. கடைசியில் காப்பாற்றியது கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டர். குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர், படத்தின் ஒரு பிரதியை வீட்டில் வைத்திருந்தார். என் அத்தை வீட்டுப் பென் டிரைவ் மாதிரிதான் இதுவும். காப்பாற்றியது, பேக்கப் என்று யாரும் நினைக்காத பிரதி.

எருக்கத்தம்புலியூர்ப் பெண்

அறைக் கதையோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். புராணம் அங்கே நிற்பதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அடுத்ததாக வருகிறது.

ஏடு கிடைத்துவிட்டது. வார்த்தை இருக்கிறது. ஆனால் அவற்றை எந்தப் பண்ணில் பாடுவது? தேவாரம் படிக்கிற பாட்டில்லை, பாடுகிற பாட்டு. பண் ஓலையில் இல்லை. அரசனும் நம்பியும் திருஎருக்கத்தம்புலியூருக்குப் போகிறார்கள். சம்பந்தரோடு கூடவே போய் யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர் அது. இன்றைய பெயர் ராஜேந்திரப்பட்டினம், விருத்தாசலம் பக்கம். அங்கே யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடம் பண்முறை இருக்கிறது. அவளைத் தில்லைக்கு அழைத்து வந்து பண் வகுக்கச் செய்கிறார்கள்.

பாட்டின் சொல் ஓர் இடத்தில் பிழைத்தது, இசை வேறோர் இடத்தில் பிழைத்தது. ஒன்று ஓலையில், இன்னொன்று ஒரு பெண்ணின் தொண்டையில். இரண்டும் சேர்ந்தபோதுதான் தேவாரம் மீண்டது. புராணத்தில் அந்தப் பெண்ணின் பெயரைத் தேடினால் கிடைக்காது. யாழ்ப்பாணர் குலத்தவள் என்பதோடு சரி.

தமிழில் கம்ப்யூட்டர் பிடித்து இருபது வருஷம் ஆனவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். அத்தை வீட்டில் ஒலிப்பதிவுகளோடு, அப்பா பேச்சைக் கேட்டு நான் தட்டச்சு செய்த சில பக்கங்களும் கிடைத்தன. திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் கேள்விக்குறிகளும். பாமினி, டிஸ்கி, டாப் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டிக்கொண்டிருந்த காலத்துக் கோப்பு அது. 1999 தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியீடுகள் வந்தன. யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட காலத்தில் எழுதியதெல்லாம், எழுத்துரு இல்லையென்றால் வெறும் கிறுக்கல். கோப்பு பத்திரமாக இருக்கிறது, ஆனால் பண் தொலைந்துவிட்டது. எந்த எழுத்துரு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒரு மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கினேன்.

ஆகவே கோப்பை மட்டும் எடுப்பது முழு பேக்கப் ஆகாது. அதைத் திறக்கிற மென்பொருள், எழுத்துரு, பாஸ்வேர்டு எல்லாம் சேர்ந்து வரவேண்டும். மொத்த டிஸ்க்கையும் இமேஜாக எடுப்பதன் லாபம் இதுதான். ஆனால் முப்பது வருஷம் கழித்து அந்த இமேஜ் ஓடக் கம்ப்யூட்டர் வேண்டுமே. அதனால் முக்கியமானவற்றை இன்றைய பொது வடிவத்துக்கு, எழுத்தென்றால் யூனிகோடுக்கு, மாற்றி அதையும் ஒரு பிரதி வைப்பது நல்லது.

எத்தனை காணோம் என்று எப்படித் தெரியும்?

திருநாரையூர் காட்டுமன்னார்கோவில் பக்கம். அதே காட்டுமன்னார்கோவில் இன்னொரு மீட்பரையும் கொடுத்திருக்கிறது. நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகள். சைவத்துக்கும் வைணவத்துக்கும் தொலைந்த பாட்டை மீட்டவர்கள் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் என்பதை இந்த மாவட்டக்காரன் என்ற முறையில் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

வைணவ மரபு சொல்கிற கதை இது. காட்டுமன்னார்கோவிலுக்கு வந்த சிலர் குடந்தைப் பெருமாள் மேல் பத்துப் பாட்டுப் பாடினார்கள். அந்தப் பத்தின் முடிவிலேயே, இது ஆயிரத்தில் ஒரு பத்து என்று பாடினவரே சொல்லியிருந்தார். நாதமுனிகள் காதில் விழுந்தது அதுதான். "மிச்சம் எங்கே?" என்றால் வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அதைத் தேடித்தான் அவர் குருகூருக்குப் போனார். அங்கேயும் ஏடு இல்லை. மதுரகவியாழ்வாரின் சிறு பிரபந்தம் ஒன்று மட்டும் அவர் மரபில் வந்தவரிடம் இருந்தது. அதை 12,000 முறை சொல்லி, நம்மாழ்வார் அருளால் நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரைக் கதை. பெற்றதைப் பெட்டியில் பூட்டவில்லை. மருமகன்கள் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்து இசையோடு பாட வைத்தார்.

அற்புதத்தை நம்புவது நம்பாதது அவரவர் இஷ்டம். நான் பார்ப்பது அந்த "ஆயிரத்தில் பத்து" என்ற குறிப்பை. அது இல்லையென்றால் கிடைத்த பத்தே முழுசு என்று எல்லோரும் திருப்தியாக இருந்திருப்பார்கள்.

சம்பந்தர் பதிகங்களிலும் இப்படி ஒரு கட்டுக்கோப்பு உண்டு. பெரும்பாலானவற்றில் எட்டாம் பாட்டில் ராவணன் வருவான். ஒன்பதில் திருமாலும் பிரமனும் அடிமுடி தேடுவார்கள். பத்தில் சமணரும் பௌத்தரும். பதினொன்றில் தன் பெயரும் ஊரும் சொல்லி முத்திரை வைப்பார். நடுவில் ஒன்று விழுந்தால் எந்த எண் விழுந்தது என்று தெரிந்துவிடும். அச்சுப் பதிப்புகளைப் புரட்டினால் பல பதிகங்களில் ஏழாம் செய்யுள் இருக்க வேண்டிய இடத்தில், அது சிதைந்துபோய்விட்டது என்ற குறிப்பைப் பார்க்கலாம். பதிப்பாசிரியர்கள் ஓட்டையை மூடி மெழுகவில்லை. ஓட்டை இருப்பதைச் சொன்னார்கள்.

கம்ப்யூட்டரில் இதற்கு செக்சம் என்று பெயர். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கணக்கு எண் போட்டு, நகலின் எண்ணும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. நல்ல பேக்கப் மென்பொருள்களில் "சரிபார்" என்று ஒரு வசதி இருக்கும். நேரம் ஆகிறதே என்று அதை அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் இருந்தேன்.

அப்பா பதிவுகளுக்கு எந்தக் கணக்கும் போடவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் பேச ஆரம்பிக்கும் முன் அப்பா "இது எத்தனாவதுப்பா?" என்று கேட்பார். நான் எண்ணைச் சொல்வேன். அது பதிவிலேயே இருக்கிறது. அதனால்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்: இல்லாதவை நாலு, ஐந்து, எட்டு, பதினொன்று.

செம்பும் ஓலையும்

சிதம்பரத்துக்குத் திரும்புவோம். கரையான் கதையைக் கேட்டவர் யாராக இருந்தாலும் அடுத்து என்ன யோசிப்பார்? கரையான் தின்னாத பொருளில் எழுதலாமே என்றுதான். நிஜமாகவே ஒருவர் அப்படிச் செய்தார். முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் காலத்துப் படைத்தலைவர் மணவில் கூத்தன் காளிங்கராயன். நரலோக வீரன் என்றும் பெயர். சிதம்பரத்திலும் திருவதிகையிலும் அவர் செய்த திருப்பணிகளைப் பாட்டாகவே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சிதம்பரத்துப் பட்டியலில் ஒன்று, மூவர் பாடல்களைச் செப்பேட்டில் எழுதுவித்தது. 12ஆம் நூற்றாண்டில், அதே கோயிலில், அதே பாடல்களுக்கு எடுத்த பேக்கப்.

ஆனால் நாம் இன்று படிக்கிற தேவாரம் அந்தச் செம்பிலிருந்து வரவில்லை. ஓலையிலிருந்துதான் அச்சுக்கு வந்தது. நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் சில நூற்றாண்டுகூடத் தாங்காத ஓலை. மஞ்சளும் எண்ணெயும் தடவி, பழசானதும் புது ஓலையில் பெயர்த்து எழுதி, ஒரு மடத்திலிருந்து இன்னொரு மடத்துக்கு, ஓர் ஓதுவார் வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போன ஓலை. செம்பு ஒரே இடத்தில் உறுதியாக இருந்தது. ஓலை பல இடத்தில் பலவீனமாக இருந்தது. ஜெயித்தது ஓலை.

செம்பு வீண் என்று சொல்லவில்லை. 2023 ஏப்ரலில் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் திருப்பணிக்காகத் தோண்டியபோது செப்புத் திருமேனிகளோடு நானூறுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. சம்பந்தர் பிறந்த ஊரிலேயே. கல்லும் ஒரு தடவை கைகொடுத்திருக்கிறது. சம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளில் இல்லாமல் போயிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊர்க் கோயில் கல்வெட்டிலிருந்து படித்தெடுத்துப் பதிப்பில் சேர்த்தார்கள். ஓலை தவறவிட்டதைக் கல் வைத்திருந்தது. ஒரே விதமான பொருளை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பெயர்த்து எழுதும் பழக்கம் நின்றால் என்ன ஆகும் என்பதை உ.வே.சாமிநாதையர் "என் சரித்திரம்" நூலில் சொல்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப் போனால், பழுதான ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாகப் பதில் வருகிறது. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்களும் உண்டு. பழசைப் புதுசில் எழுதிவிட்டுப் பழசுக்கு மரியாதையாக விடை கொடுப்பதுதான் அந்த வழக்கத்தின் அர்த்தமாக இருந்திருக்க வேண்டும். முதல் பாதியை மறந்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் தவறாமல் செய்தார்கள்.

ஹார்ட் டிஸ்க்கும் ஓலை ஜாதிதான். சில வருஷம் ஓடும், ஒருநாள் நின்றுவிடும். பென் டிரைவும் எஸ்எஸ்டியும் மின்சாரம் படாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் எழுதியதை மறக்கக்கூடும். சாகாத டிஸ்க்கைத் தேடி அலைவதைவிட, நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை புது டிஸ்க்குக்குப் பெயர்த்துவிடுவது சுலபம்.

பெயர்த்து எழுத ஆளும் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் 48 பிடாரர்களையும், கூடவே உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர் என 50 பேரை நியமித்தான். ஆளுக்குத் தினம் மூன்று குறுணி நெல். அந்தக் கல்வெட்டின் சிறப்பு அடுத்து வருகிறது. இவர்களில் ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும். அவருக்குத் தகுதியில்லையென்றால் தகுதியான வேறு ஆளை வைக்க வேண்டும். நமக்குப் பிறகு நம் டிஸ்க்கை யார் திறப்பது, பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்கு, ஆயிரம் வருஷத்துக்கு முன் கல்லில் எழுதி வைத்த பதில்.

கோட்டை போனது, கடிதம் இருக்கிறது

இனி என் ஊர். கடலூர் தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலோடு சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடமே இங்கே வந்தது, 1752 வரை இருந்தது. 1758இல் லாலியின் படை கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளியது.

கோட்டை போய்விட்டது. கோட்டைக்குள் உட்கார்ந்து எழுதியவை நிறையவே பிழைத்திருக்கின்றன, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில். காரணம் பக்தியுமில்லை, சரித்திர உணர்வுமில்லை, வியாபார பயம். லண்டனுக்கு எழுதும் கடிதத்தை ஒரு கப்பலில் மட்டும் அனுப்பினால், கப்பல் மூழ்கினால் எல்லாம் போச்சு. அதனால் ஒரே கடிதத்துக்கு இரண்டு மூன்று பிரதிகள் எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். ஆலோசனைக் குறிப்புகளுக்கும் நகல் எடுத்து அனுப்புவார்கள். எழுத்தர்களுக்குக் கை ஒடிகிற வேலை. கம்பெனியை மெச்ச இதைச் சொல்லவில்லை. ஆனால் புயலும் போரும் சகஜமான கரையில் இருப்பவன் ஒரே இடத்தை நம்பமாட்டான் என்பது அந்தக் கணக்கர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்படி இன்னோர் இடத்தில் பிரதி இல்லாதது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது பார்த்தோம். 97,000 நூல்கள் என்கிறார்கள். அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் திரும்பவே இல்லை.

கடலூர்க் கரைக்கு 2004இல் சுனாமி வந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல், 2015இல் வெள்ளம். பதினோரு வருஷத்தில் மூன்று தடவை. இப்படிப்பட்ட ஊரில் பேக்கப்பை அதே மேஜை இழுப்பறையில் வைத்தவன் நான்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய ஒரு சுருக்க விதி உண்டு: மூன்று பிரதி, இரண்டு விதப் பொருள், ஒன்று வெளியிடத்தில். ஓலை, செம்பு, கல், தொண்டை என்று நாலு விதத்தில், ஊர் ஊராக வைத்திருந்தவர்களுக்கு இது புதுசாக இருந்திருக்காது.

இப்போது நான் செய்வது

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கம்ப்யூட்டரையும் ஒரு டிஸ்க்கில் இமேஜ் எடுக்கிறேன். முடிந்ததும் கழற்றிவிடுகிறேன். மாட்டியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். இரண்டாவது டிஸ்க் அத்தை வீட்டில். ஊருக்குப் போகும்போது மாற்றி எடுத்து வருகிறேன். ஆனால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு புயலுக்கு அது ஒரே ஊர்தான். அதனால் முக்கியமானவை மட்டும் இணையச் சேமிப்பிலும் இருக்கின்றன. அது தானாக ஒத்திசைகிற வகையாக இருந்தால் ஜாக்கிரதை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பழைய பதிப்புகளையும் வைத்திருக்கிற வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மீட்புக்கான பென் டிரைவ் ஒன்றும் செய்து வைத்திருக்கிறேன். பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் டிஸ்க்கில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு நாலு கோப்பு எடுத்துத் திறந்து பார்க்கிறேன். திறந்தால்தான் அது பேக்கப். அதுவரை அது பூட்டிய அறை.

காணாமல் போன நாலு பதிவுகள் கிடைக்கவில்லை. எட்டாவது பதிவில் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் சொல்லும் பாட்டு ஒன்றைப் பாடினார் என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது, வார்த்தைகூட அரைகுறையாய். போன தடவை சிதம்பரம் போனபோது அத்தையிடம் பேச்சுவாக்கில் அந்தப் பாட்டைக் கேட்டேன். அத்தைக்கு வயது எண்பதுக்கு மேல். "அதுவா" என்றவர், கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு மெட்டை முதலில் பிடித்தார். வார்த்தை பின்னால் வந்தது.

போனை எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். "நிறுத்துடா" என்றார். "உங்கப்பன் மாதிரி கேக்கறேன். இது எத்தனாவது?"

எட்டு என்றேன்.